மதுரையின் வடவாயில்: திண்டுக்கல்லின் நிலமும் வரலாறும்

திண்டுக்கல் என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவன பூட்டும் பிரியாணியுமே. கொடைக்கானல் செல்வோருக்கு இது பேருந்து மாறும் ஊர். பழநிக்குப் பாதயாத்திரை போவோருக்கு இளைப்பாறிச் செல்லும் ஊர். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் என் மாணவியரிடம், 'நம் மலைக்கோட்டையின் உச்சிக்கு ஏறியவர்கள் கை உயர்த்துங்கள்' என்றேன். அறுபது பேரில் உயர்ந்த கைகள் ஏழு. அந்தப் பாறையின் நிழலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். கடந்து செல்வோர் நம் ஊரை அறியாதிருப்பதில் வியப்பில்லை. வாழ்வோரும் அறியாதிருப்பதே வருத்தத்திற்குரியது. நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், நாம் கூடிப் பேசும் இம்மண்ணின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் தொகுத்துக் காண்பது பொருத்தமாகும்.

நில அமைப்பு

மேற்கே பழநி மலைத்தொடர், கிழக்கே சிறுமலை. இவ்விரண்டிற்கும் இடையே அமைந்த சமவெளியில், தலையணை போன்ற ஒரு தனிப்பாறை எழுந்து நிற்கிறது. திண்டு போன்ற கல் ஆதலின் திண்டுக்கல் என்றாயிற்று என்பர். கொங்கு நாட்டிலிருந்தும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் மதுரைக்கு வருவோர் இவ்விடைவெளியைக் கடந்தே வரவேண்டும். திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியும் இங்கேயே வந்து கூடுகிறது. எனவே, மதுரையை ஆள விரும்பியவர் எவராயினும் முதலில் இப்பாறையைக் கைக்கொள்ள வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பூட்டுக்குப் பெயர்பெற்ற இவ்வூர், அதற்கு முன் தானே மதுரையின் வடவாயிலுக்குப் பூட்டாக விளங்கியது எனலாம்.

இந்நிலத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இது நீர் பிரியும் நிலம். கீழ்ப்பழநி மலையில் தோன்றும் குடகனாறு வடக்கு நோக்கி ஓடி, வேடசந்தூரைக் கடந்து அமராவதியில் கலந்து, அதன் வழியே காவிரியைச் சேர்கிறது. அதே மலைத்தொடரின் தென்சரிவில் பெய்யும் மழையோ மஞ்சளாற்றின் வழியே வைகைக்குச் செல்கிறது. ஒரே மலையின் மழை, சோழநாட்டு ஆற்றுக்கும் பாண்டிநாட்டு ஆற்றுக்குமாகப் பிரிகிறது. மக்களின் பேச்சும் அவ்வாறே. பழநி, ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கொங்குத் தமிழின் சாயலையும், நிலக்கோட்டை, நத்தம் பகுதிகளில் மதுரைத் தமிழின் சாயலையும் கேட்கலாம்.

பழமையின் சுவடுகள்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், வையாவி எனப்பட்ட பழநிப் பகுதியை ஆண்டவன். மயிலுக்குப் போர்வை ஈந்த அவன் கொடையைச் சிறுவரும் அறிவர். ஆனால், அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தபோது, கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய புலவர் நால்வர் அவன் வாயிலுக்குச் சென்று, பரிசில் வேண்டாது அவள் துயர் களையுமாறு வேண்டினர் என்பதைப் புறநானூறு காட்டுகிறது. வள்ளல் என்று போற்றப்பட்டவனிடமே அறம் கேட்டு நின்ற மரபு இம்மண்ணுக்குரியது. மயிலின் கதையோடு இதனையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

பழநிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில், 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. அங்குள்ள ஈமச்சின்னம் ஒன்றில் நான்கு கால்களையுடைய சாடியில் நெல்மணிகள் கிடைத்தன. அவற்றை அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் சோதித்தபோது கி.மு. 490 என்னும் காலம் கணிக்கப்பட்டது. அந்த ஈமச்சின்னத்தில் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துகள் தமிழ் எழுத்தின் தொன்மை பற்றிய ஆய்வுக்குப் புதிய வலிமை சேர்த்தன.

பழநிக்கு அருகிலுள்ள ஐவர்மலை மற்றொரு கருவூலம். அங்குள்ள கல்வெட்டு, பார்சுவநாதர், இயக்கியர் உருவங்களைப் புதுப்பித்த செய்தியைக் கூறுவதோடு, சக ஆண்டு 792 என்பதையும் வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டு என்பதையும் இணைத்துக் குறிக்கிறது. இதனாலேயே இரண்டாம் வரகுணன் கி.பி. 862இல் அரியணை ஏறினான் என்று அறிஞர் உறுதிப்படுத்தினர். பாண்டியர் காலவரிசைக்கே அடிப்படையான ஒரு சான்று நம் மாவட்டத்துச் சமணக் குன்றில் இருக்கிறது.

கோட்டையின் கதை

பாறைமீது கோட்டை எழுந்தது மதுரை நாயக்கர் காலத்தில். 1605ஆம் ஆண்டில் முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் இதனை எழுப்பினார் என்பர். திருமலை நாயக்கர் வலுப்படுத்தினார். திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில் நோயுற்ற திருமலை நாயக்கருக்கு மீனாட்சியும் சொக்கரும் இவ்வூரில் கனவில் தோன்றினர் என்றும், அதன் பின்னரே அவர் மதுரையைத் தம் தலைநகராகக் கொண்டார் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. அக்கதையிலும் திண்டுக்கல் வழியிலுள்ள ஊராகவே வருகிறது!

1755ஆம் ஆண்டில் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்த்தியது. பின்னாளில் தென்னாட்டையே நடுங்கச் செய்த அவர் தம் படைபலத்தைத் திரட்டத் தொடங்கிய இடம் இதுவே. பேகம்பூரில் உள்ள கல்லறை அவர்தம் தங்கையுடையது என்று கூறுவர். ஆங்கிலேயர் இக்கோட்டையை 1767இலும் 1783இலும் கைப்பற்றி இருமுறையும் இழந்தனர். 1790இல் மீண்டும் கைப்பற்றினர். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திண்டுக்கல் அவர்கள் வசமாகவே ஆயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளில் இத்தனை முறை கைமாறிய பாறை இது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உச்சியிலுள்ள கோயிலில் மூலவர் இல்லை. அபிராமியம்மை நகரினுள் கோயில் கொண்டிருக்கிறாள்.

படைத்தலைவர்களின் பெயர்களோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலு நாச்சியார், எட்டாண்டுகள் புகலிடம் பெற்றது விருப்பாட்சியிலும் திண்டுக்கல்லிலுமே. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரின் அரவணைப்பும், ஹைதர் அலியின் உதவியும் பெற்று, 1780இல் அவர் சிவகங்கையை மீட்டார். அதே கோபால நாயக்கர், பாளையக்காரர்களை ஒன்றிணைத்துத் திண்டுக்கல் கூட்டமைப்பை உருவாக்கி ஆங்கிலேயரை எதிர்த்தார், 1801இல் தூக்கிலிடப்பட்டார். தென்னாட்டுப் போராளிகளை ஓரணியில் சேர்க்கும் முயற்சி, 1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சிக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கு நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தொழிலும் ஊர்களும்

1866இல் நகராட்சியும் 1875இல் புகைவண்டியும் வந்தபின், கோட்டை ஊர் தொழில் ஊராயிற்று. ஆங்கிலேயர் 'திருச்சிச் சுருட்டு' என்று விரும்பிப் புகைத்ததன் இலை பெரும்பாலும் திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்தது. நீர்வளம் குறைந்த நிலத்தில் வேளாண்மையை மட்டும் நம்ப இயலாத நிலையில் பூட்டுத் தொழில் வேரூன்றியது. மாங்காய்ப் பூட்டு முதலாகப் பல வகைகள் அரத்தாலும் சுத்தியலாலும் கையாலேயே உருவாயின. அலிகாரிலிருந்து வந்த இயந்திரப் பூட்டுகளின் மலிவு விலை முன் இக்கைத்தொழில் தளர்ந்தது. 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது; அரம் பிடிக்கும் இளங்கைகள்தாம் அருகி வருகின்றன.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தனித்தன்மை உண்டு. சின்னாளபட்டிக்குச் சேலை, நிலக்கோட்டைக்கு மலர், ஒட்டன்சத்திரத்திற்குக் காய்கறி, நத்தத்திற்கு மாம்பழம், சிறுமலைக்கும் விருப்பாட்சிக்கும் மலைவாழை. தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் தூண் சிற்பங்கள் கலையார்வலர் ஒருநாள் முழுதும் நின்று காணத்தக்கவை. மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்நிலம் 15.9.1985 அன்று தனி மாவட்டமாயிற்று. நகரம் 2014இல் மாநகராட்சியாயிற்று.

மலைமேல்

1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்கச் சமயத் தொண்டர்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலரைப் பறிகொடுத்தனர். குளிர்ந்த இடம் தேடிப் பழநி மலைமேல் ஏறி, 1845இல் கொடைக்கானலில் இரு வீடுகளைக் கட்டினர். ஏரி 1863இல் அமைக்கப்பட்டது. கதிரவ ஆய்வுக்கூடம் 1899இல் உருவாயிற்று. ஏரியில் படகு விடும் பயணிகளுள் பலர் அறியாத செய்தி, அவ்வாய்வுக்கூடம் பஞ்சத்தின் விளைவு என்பதாகும். 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்திற்குப் பின், கதிரவனுக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறியும் வேட்கையே அதற்கு வித்திட்டது. கதிரவக் கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான்.

எழுத்தும் தொண்டும்

இலக்கிய அன்பர்களாகிய நாம் வத்தலக்குண்டை மறக்கலாகாது. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதி 26ஆம் வயதில் மறைந்த ராஜம் ஐயர், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, மணிக்கொடி வளர்த்த பி.எஸ். ராமையா ஆகியோர் அவ்வூரினர். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கும் திறனாய்வுக்கும் களம் அமைத்த சி.சு. செல்லப்பாவும் அம்மண்ணில் வளர்ந்தவரே. சிற்றூர் ஒன்று தமிழ் உரைநடைக்கு இத்துணை அளித்தது என்பது நமக்குப் பெருமை மட்டுமன்று, பொறுப்பும் ஆகும்.

சின்னாளபட்டிக்கு அருகே 1947இல் மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். அதன் கிராமிய நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. தாய்மார்க்கு மருத்துவமும் சிற்றூர்ப் பெண்டிர்க்குக் கல்வியும் வேண்டி நின்ற அம்மையாரின் தொண்டை எண்ணும்போது, கண்ணகிக்காகப் பேகன் வாயிலில் நின்ற புலவர்களின் அறக்குரல் என் நினைவுக்கு வருகிறது.

நிறைவாக

இந்நிலத்தின் பழம்பெரும் கேள்வி நீர். பூட்டுத் தொழிலுக்கும் கதிரவ ஆய்வுக்கும் பின்னே நின்றது நீர்க்குறையே. இருக்கும் நீரையும் தோல் பதனிடும் கழிவு கெடுத்தது. 1996ஆம் ஆண்டில் தமிழகத் தோல் ஆலைகளின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் நம் மாவட்டமும் இடம்பெற்றது. கோட்டையை மீட்கப் படைகள் வந்தன. குடகனாற்றையும் குளங்களையும் காக்க எந்தப் படையும் வாராது. இங்கு வாழும் நாமே முன்வர வேண்டும்.

அவ்வாண்டு என் மாணவியரை மலைக்கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். உச்சியில் நின்று ஒருத்தி, 'அம்மா, எங்கள் ஊர்க் குளம் தெரிகிறது' என்றாள். அடுத்தவள் தன் ஊரைத் தேடினாள். சற்று நேரத்தில் எல்லோரும் தத்தம் ஊரைச் சுட்டிக்காட்டத் தொடங்கினர். வரலாற்றுப் பாடம் தொடங்கவேண்டிய இடம் அதுவே என்று எனக்குத் தோன்றியது. நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள், ஒவ்வோர் ஊரின் வரலாற்றையும் அவ்வூர் இளைஞரைக் கொண்டே எழுதச் செய்வதும் ஒன்றாக அமையட்டும்.