சாவி நீளப் பிழை 1071 (லாரவெல்)

லாரவெல் வலைச் சட்டகத்தில் மைக்ரேஷன் (அட்டவணைகளை உருவாக்கும் நிரல்) ஓடும்போது, பழைய மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளம் இண்டெக்ஸின் (சாவியின்) நீளம் 767 பைட்டைத் தாண்டுவதாகக் கூறி நிறுத்தும் பொருத்தமின்மைப் பிழை. நிரலில் தவறு இருப்பதில்லை. பதிப்புகள் இசையாததே காரணம்.

2017 ஜனவரியில் வந்த லாரவெல் 5.4, யுடிஎஃப்8எம்பி4 எழுத்துக் குறிமுறையை இயல்பாக்கியது. மைஎஸ்க்யூஎலின் பழைய யுடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு 3 பைட் மட்டுமே ஒதுக்கியது. தமிழுக்கு அது போதும். 4 பைட் கேட்கும் இமோஜிக்குப் போதாது. இண்டெக்ஸ் இடப்படும் 255 எழுத்து மின்னஞ்சல் புலம் முன்பு 765 பைட்டில் மயிரிழையில் தப்பியது. புதிய கணக்கில் 1020 ஆனது. உள்ளே இருக்கும் தரவு அல்ல, உச்ச அளவே கணக்கில் கொள்ளப்படுவதால் காலி அட்டவணையிலும் பிழை எழும்.

மைஎஸ்க்யூஎல் 5.7.7, மரியாடிபி 10.2.2 ஆகியவற்றுக்கு முந்தைய பதிப்புகளில் இது தோன்றும். தரவுத்தளத்தைப் புதுப்பிப்பதே முறையான தீர்வு. வரம்பு 3072 பைட்டாக உயரும். இயலாதபோது, ஆப்சர்வீஸ்புரொவைடர் கோப்பின் பூட் செயற்கூற்றில் எழுத்துப் புலங்களின் இயல்பு நீளத்தை 191 என அமைப்பர் (191 × 4 = 764). அதன்பின் மறுபடி ஓட்டினால் ‘அட்டவணை ஏற்கெனவே உள்ளது’ என்ற வேறொரு பிழை வரலாம்: முதல் முயற்சியில் யூசர்ஸ் அட்டவணை உருவாகி, இண்டெக்ஸ் மட்டும் நின்றுபோயிருக்கும். அந்த அட்டவணையை நீக்கிவிட்டே தொடர வேண்டும்.