நிழற்படத்தின் கீழே ஒரு பெயர்

பள்ளியின் பழைய நிழற்படங்களைக் கணினியில் சீர்செய்ய மாக் வாங்கலாமா, விண்டோஸ் போதுமா எனப் பெற்றோர் ஆசிரியர் சங்க நண்பர் ஒருவர் அண்மையில் வினவினார். எளிய வினாதான். ஆயினும் மலாக்காத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பெற்றோரும் ஆசிரியரும் அதை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி எழுதுகிறேன்.

'படவேலை என்றால் மாக்' என்னும் பேச்சு காரணமின்றி எழுந்ததன்று. 1987இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த தாமஸ் நோல், தம் மாக்கிண்டாஷ் பிளஸ் கணினிக்காக ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். தம்பி ஜான் துணைநின்றார். அதனையே அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் எனும் பெயரில் வெளியிட்டது. முதலில் அது மாக்கில் மட்டுமே இயங்கியது. 2.5ஆம் பதிப்பில்தான் விண்டோஸ் பயனரையும் எட்டியது. அச்சகத்தாரும் விளம்பரக்காரரும் அதற்குள் மாக்குக்குப் பழகிவிட்டிருந்தனர்.

நம் பள்ளிகளோ விண்டோஸின் பக்கம் நின்றன. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, அப்பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் ஒளிபடக்காட்டியும் வழங்கப்பட்டன. பாடம் முடிந்த பின் அதே மடிக்கணினியில்தான் விளையாட்டுப் போட்டிப் படங்களையும் வெட்டி ஒட்டினோம். படவேலை மென்பொருள் பலருக்கு இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைத்தது. அதைப் பற்றி இங்கு மேலும் பேசாதிருப்பதே நாகரிகம்!

சிக்கல் வண்ணத்தில் எழவில்லை. படத்தின் கீழே பெயர் எழுதும்போது எழுந்தது. 1980களிலேயே நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கிக் கணினியில் தமிழுக்கு வழி அமைத்திருந்தார். எனினும் எழுத்துருக்கள் பல, குறியீடுகள் பல. ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடம் தந்தது. விண்டோஸ் 2000 அதனை ஏற்றது. ஆனால் போட்டோஷாப் இயங்குதளத்தின் உதவியை நாடாமல் எழுத்துகளைத் தானே அடுக்கும். தமிழின் முறை அதற்குத் தெரியாது. 'செல்லம்மா' எனத் தட்டினால், சகரத்தின் முன்னே நிற்கவேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னே போய் நிற்கும். ஆகவே, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய எழுத்துருக்களையே பலர் தொடர்ந்து பயன்படுத்தினர்.

அதன் விளைவைச் சில ஆண்டுகளுக்குமுன் நேரில் கண்டேன். ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்காகத் திரட்டப்பட்ட குறுவட்டு என் கைக்கு வந்தது. நடுவில் ஆசிரியர் அமர்ந்திருக்க, வெறுங்காலுடன் பிள்ளைகள் நின்ற தோட்டப் படங்கள் அதில் இருந்தன. படங்கள் நன்றாகவே திறந்தன. பெயர்ப் பட்டியல் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குப்பை. எழுத்துருவின் பெயரும் தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்துருவாகப் பொருத்திப் பார்த்து, இரண்டு மாலைகளில் பெரும்பகுதியை மீட்டோம். ஒரு படத்துக்கு மட்டும் பெயர்கள் கிடைக்கவேயில்லை. அவற்றைச் சொல்லித் தந்த பாட்டியும் அதற்குள் மறைந்துவிட்டார்.

1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதிலிருந்து கணக்கிட்டால், மலாக்காத் தோட்ட வாழ்வுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வயது. பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. அந்தப் பிள்ளைகள் யாரென உரைக்க, பெயர் தாங்கிய படமன்றி வேறென்ன சான்று நம்மிடம் உண்டு?

இலவச மென்பொருளான கிம்ப்பையும் குறிப்பிட்டாக வேண்டும். 2004இல் வந்த அதன் 2.0 பதிப்பு, பாங்கோ எனும் நிரலகத்தின் துணையால் தமிழ் எழுத்துகளை முறையாக அடுக்கியது. லினக்ஸிலும் விண்டோஸிலும் இயங்கியது. ஆயினும் அச்சுக்குரிய நான்குவண்ணப் பிரிப்பில் அது பின்தங்கியே இருந்தது. அச்சகத்துக்கு அனுப்பும் மலர் வேலைக்கு அதை மட்டும் நம்ப இயலவில்லை. போட்டோஷாப்பும் பின்னாளில் தமிழைக் கற்றுக்கொண்டது. ஆனால் 2013 முதல் அதன் புதிய பதிப்புகள் சந்தாவுக்கே கிடைக்கின்றன. சங்கத்தின் சிறுநிதியிலிருந்து ஆண்டுதோறும் அதற்குப் பணம் ஒதுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நண்பரிடம் சொன்னது இதுதான். பள்ளியில் இருக்கும் விண்டோஸ் கணினியே போதும். பணம் மிஞ்சினால் நல்ல வருடி ஒன்று வாங்குங்கள். வருடிய மூலப்படத்தைத் திருத்தாமல் டிஃப் கோப்பாகத் தனியே வையுங்கள். திருத்தங்களை நகலில் செய்யுங்கள். பெயர்களைப் படத்தின்மேல் எழுதுவதோடு, படத்தின் எண்ணையிட்டு ஒருங்குறியில் தனி உரைக்கோப்பாகவும் சேமியுங்கள். எந்த மென்பொருளை வாங்குமுன்னும் 'செல்லம்மா', 'கோவிந்தன்' என்னும் இரு பெயர்களைத் தட்டிப் பாருங்கள். கொம்புகள் சரியான இடத்தில் நிற்கின்றனவா எனக் கவனியுங்கள்.

வருடி வந்துவிட்டது. முதல் பெட்டியில் அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றில் உள்ளோரை அடையாளம் காட்டக்கூடிய மூத்தோர் இருவர் ஜாசினில் இருக்கின்றனர். வரும் சனிக்கிழமை மடிக்கணினியுடன் அவர்களைக் காணச் செல்கிறோம்.