புளோரன்சு நகரத்துக் கதவுப் போட்டி: தீர்ப்பைப் பற்றிய சான்றுகள்

இத்தாலிய நாட்டுப் புளோரன்சு நகரில் கி.பி. 1401-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட வெண்கலக் கதவுப் போட்டி, மேலைக் கலை வரலாறு எழுதுவோர் யாவரும் தவறாது குறிப்பிடும் நிகழ்ச்சியாகும். நகர மாந்தர் அனைவரும் நாளும் காணும் பொதுவிடத்துக் கலைப்பணி ஒன்றனை எவரிடம் ஒப்படைப்பது என்பதனைப் போட்டி வைத்துத் துணிந்தமையே அதன் தனிச்சிறப்பு. வென்றவர் இலொரென்சோ கிபெர்த்தி. தோற்றவருள் முதல்வர் பிலிப்போ புரூனெல்லெசுக்கி. இவ்வளவில் ஐயமில்லை. ஆயின், அத்தீர்ப்பு எவ்வாறு பிறந்தது என்னும் வினாவிற்கு நமக்குக் கிடைத்துள்ள மூன்று நூல்களும் மூன்று விடை தருகின்றன. அவற்றுள் எதனை எவ்வளவு நம்பலாம் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் போட்டியின் நிலைமையை அறிதல் வேண்டும். புளோரன்சு நகரின் புனித யோவான் திருமுழுக்குக் கோயிலுக்கு அந்திரேயா பிசானோ என்பவர் 1330-களில் ஒரு வெண்கலக் கதவு செய்திருந்தார். இரண்டாவது கதவு செய்விக்க முற்பட்டது, அக்கோயிலைப் பேணிவந்த காலிமாலா என்னும் துணி வணிகர் குழு. காலமோ இடர்மிக்க காலம். 1400-இல் கொள்ளைநோய் நகரைத் தாக்கியது. மிலான் நாட்டுத் தலைவர் சான்கலெயாட்சோ விசுகோந்தி 1402 செப்டம்பரில் இறக்கும் வரையில் அவரால் நகருக்கு நேரவிருந்த ஆபத்து நீங்கவில்லை. அத்தகைய நாளில் வணிகர் கதவுக்குப் பொருள் ஒதுக்கினர் என்பது வியப்பிற்குரியதே.

போட்டியில் நின்றோர் எழுவர். ஓராண்டுக் காலமும் வெண்கலமும் அவர்க்கு அளிக்கப்பட்டன. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட முற்பட்ட பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சியை நாலிதழ்ச் சட்டத்துள் புடைப்புருவமாக அமைத்தல் வேண்டும் என்பது விதி. எஞ்சியுள்ள இரு தகடுகளிலும் தந்தை, மகன், வானதூதர், ஆட்டுக்கடா, ஏவலர் இருவர், கழுதை எனும் உருக்கள் ஒருங்கே காணப்படுதலின், உருக்களும் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தன எனக் கொள்ளலாம்.

இனி நூல்களைக் காண்போம். காலத்தால் முந்தியது கிபெர்த்தி தம் முதுமையில் எழுதிய ‘உரைக்குறிப்புகள்’ என்னும் நூல். நோயும் நாட்டு நிலையும் காரணமாகத் தாம் பெசாரோ நகர்க்குச் சென்றிருந்ததையும், போட்டியின் செய்தியை நண்பர் எழுத்தால் அறிந்து மீண்டதையும் அதில் கூறுகின்றார். நடுவர் முப்பத்து நால்வர். அவர் அனைவரும், உடன் போட்டியிட்டோருங்கூட, ஒருமனதாகத் தமக்கே வெற்றி அளித்தனர் என்பது அவர் கூற்று. புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளுதற்கு நன்னூலார் இடந்தரும் நான்கனுள் அவையில் வெல்லும் பொழுதும் ஒன்றாகும். எனவே தற்புகழ்ச்சி பற்றி அவரைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால், தோற்றவரும் ஒருமனப்பட்டனர் என்பதற்கு வென்றவர் வாய்மொழி மட்டும் சான்றாதல் அரிது.

இரண்டாவது, அந்தோனியோ மனெத்தி எழுதியதாகக் கொள்ளப்படும் புரூனெல்லெசுக்கியின் வரலாறு. மனெத்தி பிறந்தது 1423-இல். நூல் எழுந்தது 1480-களில். அவர் கூறுமாறு: கிபெர்த்தி தம் மெழுகுருவைப் பலர்க்கும் காட்டி, நடுவராகக் கூடியவரிடமும் கருத்துக் கேட்டு, மீண்டும் மீண்டும் திருத்தினார், புரூனெல்லெசுக்கியோ எவர்க்கும் காட்டாது விரைந்து முடித்தார். நடுவர் இரண்டனுள் ஒன்றைத் தேர மாட்டாமல் பணியை இருவர்க்கும் பொதுவாக்கினர். முழுவதும் தமக்கே வேண்டும் என்று புரூனெல்லெசுக்கி மறுக்கவே, அது கிபெர்த்தியைச் சேர்ந்தது.

மூன்றாமவர் வசாரி. 1550-இல் முதலில் வெளிவந்த தம் நூலில், புரூனெல்லெசுக்கியும் தொனாத்தெல்லோவும் கிபெர்த்தியின் தகடே சிறந்ததெனத் தாமே உணர்ந்து, அவர்க்கே பணியை அளிக்குமாறு வேண்டினர் என்கிறார். கேட்க இனிய செய்திதான். ஆயின் தொனாத்தெல்லோ பிறந்தது ஏறத்தாழ 1386-இல். போட்டிக் காலத்தில் அகவை பதினைந்தளவே. கிபெர்த்தி தரும் எழுவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சில ஆண்டுகளின் பின்னர்க் கிபெர்த்தியின் பட்டறையிலேயே அவர் பணிபுரிந்தார். ஆதலின் வசாரியின் கூற்றை ஒதுக்கிவிடலாம்.

எஞ்சுவன இரண்டு. இவற்றை ஒருபாற் கோடாது அளத்தற்கு நூல்களினும் சிறந்த சான்று, புளோரன்சின் பார்செல்லோ அருங்காட்சியகத்தில் உள்ள இரு தகடுகளே. புரூனெல்லெசுக்கியின் தகட்டில் கத்தி மகன் கழுத்தை எட்டிவிட்டது. தூதர் தந்தையின் கையைப் பற்றித் தடுக்கிறார். முன்புறத்து ஏவலருள் ஒருவன் உரோமானியச் சிலையொன்றைப் போலக் காலில் தைத்த முள்ளை எடுக்கின்றான். விசையும் துணிவும் இதில் மிகுதி. கிபெர்த்தியின் தகட்டிலோ சாய்ந்து இறங்கும் பாறை ஒன்று ஏவலரையும் பலிக்களத்தையும் பிரிக்கின்றது. கத்தி இன்னும் தீண்டவில்லை. ஈசாக்கின் உடல் பண்டைக் கிரேக்க, உரோமச் சிற்பங்களை நினைவூட்டும் அழகுடையது. உணர்ச்சியின் வேகத்தால் முன்னதே நம்மைக் கவர்கின்றது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

ஆனால் வார்ப்பு முறை வேறு கதை கூறுகின்றது. புரூனெல்லெசுக்கி உருக்கள் பலவற்றைத் தனித்தனியே வார்த்துத் தகட்டில் பொருத்தினார். எடை ஏறத்தாழ 25.5 கிலோகிராம். கிபெர்த்தியின் தகடு ஈசாக்கின் உரு முதலிய சில நீங்கலாக ஒரே வார்ப்பு. எடை ஏறத்தாழ 18.5 கிலோகிராம். ஒரு தகட்டிற்கு 7 கிலோகிராம் மிச்சமெனின், பின்னர் அமைந்த கதவின் இருபத்தெட்டுத் தகடுகளுக்கு ஏறக்குறைய 200 கிலோகிராம் வெண்கலம் மிச்சம். பொருள் தருபவர் வணிகர் என்பதை மறத்தலாகாது. அவ்வாறு மெல்லியதாகவும் ஒன்றாகவும் வார்த்தற்கு மெழுகுருவில் நெடிது உழைத்திருத்தல் வேண்டும். மனெத்தி குறையாகச் சொன்ன திருத்தமே வெற்றிக்கு ஏதுவாயிற்று என்று நாம் கருதுகின்றோம்.

பணியைப் பொதுவாக்கினர் என்னும் செய்தி யாண்டிருந்து வந்தது? 1403 நவம்பர் 23-இல் எழுந்த ஒப்பந்தம் கிபெர்த்தியையே பொறுப்பாளராகக் கொண்டது. ஆனால், 1418-இல் அந்நகரத்துப் பெருங்கோயிலின் குவிமாடத்திற்கு 200 புளோரின் பரிசுடன் மாதிரிப் போட்டி அறிவிக்கப்பட்டு, 1420-இல் புரூனெல்லெசுக்கியும் கிபெர்த்தியும் திங்களுக்கு 3 புளோரின் என ஒத்த ஊதியத்தில் உடன் பொறுப்பாளராயினர். குவிமாடம் புரூனெல்லெசுக்கியின் அறிவால் எழுந்ததென்பது மனெத்தியின் உறுதி. அதில் கிபெர்த்தி பங்கு பெற்றமை அவர் உள்ளத்தை உறுத்தியிருக்கின்றது. பின்னாளில் நேர்ந்த அக்கூட்டுப் பொறுப்பே முன்னைப் போட்டியின் மேலும் ஏற்றப்பட்டிருத்தல் கூடும். இது கருதுகோளே, மறுக்கும் ஆவணம் கிடைப்பின் கைவிடத்தக்கது.

வென்றவர்க்கு அக்கதவு 1424 வரை வாழ்நாட் பணியாயிற்று. ஏனைய ஐவரின் தகடுகள் கிடைக்கவில்லை. அவருள் சியேனாவின் யாக்கொப்போ தெல்லா குவெர்ச்சா தம் ஊர் மன்றத்தில் ‘போந்தே காயா’ என்னும் நீரூற்றை 1419-இல் முடித்துப் புகழ் பெற்றார். ஐவர் பெயரையும் நமக்கு எழுதி வைத்த பழைய நூல், நாம் மேலே ஐயுற்ற கிபெர்த்தியின் நூலேயாகும்.