பழைய கடல் வானிலைப் பதிவுகள்: மீட்பும் திருத்தமும்

கடலின் பழைய தட்பவெப்பத்தை அறிய நமக்குள்ள சான்றுகள் பெரும்பாலும் தாளில் இருப்பவை: கப்பல்களின் நாட்பதிவேடுகள், கரையோர வானாய்வகங்களின் ஏடுகள், துறைமுகங்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைக் கருவிகள் வரைந்த சுருள்கள். இவற்றைத் தேடி எடுத்து, படியெடுத்து, பிழை களைந்து, கணினியில் ஏற்றும் பணி தரவு மீட்பு எனப்படுகிறது. கேட்பதற்குக் குமாஸ்தா வேலை போலத்தான் இருக்கும். ஆனால் இதில் எண்ணை மட்டும் காப்பாற்றினால் போதாது. அந்த எண் எந்த நேரத்தில், எந்தக் கருவியில், எப்படி எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் உடன் வர வேண்டும். குறிப்பைத் தொலைத்த எண்ணைத் திருத்த வழியில்லை, திருத்தாமல் நம்பவும் வழியில்லை. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம், சென்னையே போதும்.

புனித ஜார்ஜ் கோட்டை மருத்துவமனையின் உதவி அறுவை மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க் அங்கே எழுதிவந்த வானிலை நாட்குறிப்பு 1778இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அச்சானது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. ஜான் கோல்டிங்ஹாமின் பொறுப்பில் 1796 முதல் காற்றழுத்தம் தொடர்ந்து பதியப்பட்டது. இந்த ஏடுகளைக் கொண்டு சென்னையின் கடல்மட்டக் காற்றழுத்தத்தை மீட்டமைத்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பழைய எண்களை அப்படியே ஏன் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். காற்றழுத்தமானியில் உள்ள பாதரசம் சூட்டில் விரியும். 30 டிகிரி வெக்கையில் படித்த அளவைச் சுழியன் டிகிரிக்குக் கொண்டுவந்தால் சுமார் 5 மில்லிபார் குறைகிறது. சென்னையின் அட்சரேகையில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு என்பதால் இன்னும் ஓர் இரண்டரை மில்லிபார் போகும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணியளவில் ஏறி, மாலை நாலு மணியளவில் இறங்கும். இடையே மூன்று நான்கு மில்லிபார் வேறுபாடு. ஒரு நல்ல பருவமழை ஆண்டுக்கும் பொய்த்த ஆண்டுக்கும் உள்ள வேறுபாடோ ஓரிரு மில்லிபார்தான். அறையின் வெப்பமும் படித்த மணியும் ஏட்டில் இல்லையென்றால், தேடும் பொருளைவிடப் பிழை பெரிதாகிவிடும்.

கப்பல் ஏடுகளின் சிக்கல் வேறு. மாலுமியின் நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை. நண்பகலில் தொடங்கி மறு நண்பகலில் முடியும். ஆகவே பழைய ஏட்டில் டிசம்பர் 9 பிற்பகல் என்று எழுதியிருந்தால், நம் நாட்காட்டிப்படி அது டிசம்பர் 8. ஆங்கிலக் கடற்படை இவ்வழக்கத்தை 1805இல் கைவிட்டது. வணிகக் கப்பல்கள் பின்னும் சில காலம் விடவில்லை. இது தெரியாமல் படியெடுத்தால் ஒரு புயல் ஒரு நாள் தள்ளிப்போய் நிற்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் சுமார் 900 ஏடுகளிலிருந்து 1789 முதல் 1834 வரையிலான இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள் இப்படிக் கவனமாக மீட்கப்பட்டுள்ளன. கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் வங்கக்கடல் புயல்களின் சுழற்சியை விளக்கியதும், 1848இல் அவற்றுக்கு 'சைக்ளோன்' என்று பெயரிட்டதும் இத்தகைய ஏடுகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுத்தான்.

திருத்துவது என்றாலே வேண்டிய விடைக்கு எண்ணை வளைப்பதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. சந்தேகம் நியாயமானதே, விடை கடல்நீர் வெப்ப அளவீட்டிலேயே இருக்கிறது. முன்பு வாளியால் நீரை மொண்டு மேல்தளத்தில் வைத்து அளந்தார்கள். கித்தான் வாளியில் நீர் ஆவியாகி, கடலைவிடக் குளிர்ச்சியாகக் காட்டும். பின்னாளில் என்ஜின் அறைக்குள் இழுக்கும் நீரை அளந்தபோது சற்றுச் சூடாகக் காட்டியது. இந்த வேறுபாட்டைச் சரிசெய்தால் பழைய கடல் கொஞ்சம் வெப்பமாகிறது, அதாவது நூற்றாண்டு நெடுகிலுமான வெப்ப உயர்வு குறைகிறது. மிகைப்படுத்த நினைப்பவர் செய்யும் திருத்தம் அல்ல இது. திருத்தாமல் விட்டால் பிழை எதிர்த்திசையிலும் வரும். ஜப்பானின் பழைய கப்பல் ஏடுகளைக் கொண்ட கோபே தொகுப்பில் ஒரு பகுதியைத் துளையட்டைகளில் ஏற்றியபோது வெப்பநிலையின் தசமப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அதனால் வட பசிபிக் பொய்யாகக் குளிர்ந்ததை 2019இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. முதல் ஏடும் திருத்திய எண்ணும் தனித்தனியே இருந்தால்தான் இப்படிப்பட்ட பிழை பிடிபடும். முதல் எண்ணை அழித்துவிட்டு அதன்மேல் எழுதுவதுதான் உண்மையான மோசடி.

செயற்கைக்கோள் இருக்கும்போது இந்தப் பழைய தாள் எதற்கு என்பது இன்னொரு வாதம். கடற்பரப்பின் வெப்பத்தைச் செயற்கைக்கோள்கள் முறையாக அளப்பது 1980களின் தொடக்கத்திலிருந்துதான். பல பத்தாண்டுகள் நீடிக்கும் ஊசலாட்டங்களை எடைபோட அது போதாது. இந்த ஊசலாட்டங்கள் கடலோரத்தோடு நிற்பவையும் அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் கடலைப் பார்க்காத ஊர். ஆனால் அந்த வட்டாரத்துக் கண்மாய்களின் தண்ணீரில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடல் தாழ்வுநிலைகள் கொண்டுவருவது. 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கஜா புயல் இந்த மாவட்டத்தின் தென்னையைச் சாய்த்தது. அது அரிதா, வழக்கமா என்று சொல்ல நீண்ட வரிசை வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் வரைபடத் தொகுப்பு 1891இல் தொடங்குகிறது. அதன் முற்பகுதி கப்பல்களையும் கரை நிலையங்களையும் நம்பியது. புயலைக் கண்டு விலகிப்போவது மாலுமியின் பிழைப்பு என்பதால், அந்த ஏடுகளில் நல்ல வானிலை கூடுதலாகவே இருக்கும். இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

துறைமுகங்களின் ஓதச் சுருள்களுக்கும் குறிப்பு வேண்டும். 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபார் அருகே நிலம் நடுங்கியது. எழுந்த ஆழிப்பேரலையை நாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட துறைமுகங்களின் ஓதக் கருவிகள் தாளில் வரைந்தன. ஓத அட்டவணைக்காக வைத்த கருவிகள் அவை. அந்தக் கோடுகளிலிருந்து நிலநடுக்கத்தின் அளவு 7.9 எனக் கணித்த ஆய்வு 2003இல் வந்தது. அடுத்த ஆண்டே 2004 பேரலை. அலைக்கு அந்தத் தாளே போதும், கடல்மட்ட உயர்வுக்குப் போதாது. கருவியின் சுழியன் கரையிலுள்ள எந்த அடையாளக்கல்லோடு இணைக்கப்பட்டிருந்தது என்பதும் தெரிய வேண்டும். சென்னைத் துறைமுகத்தின் கடல்மட்ட வரிசையில் நீண்ட இடைவெளிகள் உள்ளன. இடைவெளிக்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகள் ஒரே கல்லோடு பொருந்தினால்தான் அவற்றை ஒரே வரிசையாக வைத்துப் பேச முடியும்.