மாத்தளைப் பாதை: கருணையிலிருந்து நீதிக்கு

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஒன்று, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுபெற்றது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' கூட்டிணைவும் இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றமும் இதனை ஒழுங்கு செய்தன. வழக்கமாக நிவாரணத்தோடும் பிரார்த்தனையோடும் நினைக்கப்படும் கிறிஸ்தவத் தொண்டு, இங்கே உரிமைக் கோரிக்கையோடு மக்களுடன் சேர்ந்து நடந்தது.

மரணப் பாதை

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து 'கண்டிச் சீமை'க்குப் புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காடுகளைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1840களில் மாத்திரம் 70,000 பேர் வரை இறந்திருக்கலாம் என 1849இல் 'கொழும்பு ஒப்சேர்வர்' பத்திரிகை மதிப்பிட்டது. இந்த எண்ணிக்கை குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. துயரம் நிகழ்ந்தது குறித்து இல்லை.

துரைமாரின் பணம், மிஷனின் பணி

1854இல் அங்கிலிக்கன் சபையின் சேர்ச் மிஷனரி சங்கம் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பணியைத் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரின் சொந்த மொழியில் பேசினார்கள். மிஷன் தோட்டப் பாடசாலைகளையும் நடத்தியது. லயத்துப் பிள்ளைகளில் பலருக்கு எழுத்து அறிமுகமானது இத்தகைய பாடசாலைகளில்தான். ஆனால் செலவில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் தோட்டத் துரைமார். அவர்கள் தரும் பணத்தில் இயங்கிக்கொண்டு, அவர்கள் கொடுக்கும் கூலி போதாது என்று சொல்வது எளிதல்ல.

கேள்வி கேட்ட தொண்டு

இந்த எல்லையைத் தாண்டியவர்களுள் முக்கியமானவர் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ். 1972இல் கண்டியில் அவர் நிறுவிய 'சத்தியோதய' நிலையத்தில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாகப் பணியாற்றினார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்களின் வறுமையை அவர் தலைவிதியாகப் பார்க்கவில்லை. சட்டத்தாலும் பொருளாதாரத்தாலும் உண்டாக்கப்பட்ட அநீதியாகவே பார்த்தார்.

இன்றைய பொறுப்பு

குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. காணி, வீடு, நியாயமான சம்பளம் ஆகியவை தீரவில்லை. றத்தோட்டை, எல்கடுவை போன்ற மாத்தளைத் தோட்டப் பகுதிகளுக்கும் இது பொருந்தும்.

நல்ல சமாரியர் உவமையை அறியாத கிறிஸ்தவர் இல்லை. வழியில் கிடந்தவனின் காயத்தைக் கட்டியதோடு அந்தச் சமாரியர் போய்விடவில்லை. அவனைச் சத்திரத்தில் சேர்த்து, பிறகு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றார். வெள்ளமோ மண்சரிவோ வரும்போது உலர் உணவுப் பொதி கொடுப்பது அவசியமான முதலுதவி. அதே குடும்பம் அடுத்த மழைக்கும் அதே லயத்தில் இருக்குமானால், தொண்டு பாதியில் நிற்கிறது. பாதுகாப்பான காணியும் சொந்தப் பெயரில் உறுதியும் அவர்களுக்குக் கிடைக்கும் வரை கூட நிற்பதே மீதிப் பாதி.