திகில் படங்களும் திருச்சபையும்

1934-ஆம் ஆண்டு அமெரிக்கக் கத்தோலிக்கக் கோவில்களில் திருப்பலிக்கு வந்த மக்கள் எழுந்து நின்று ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். ஒழுக்கக்கேடான படங்களைப் பார்ப்பதில்லை, அவற்றை வழக்கமாகக் காட்டும் அரங்குகளுக்குப் போவதில்லை என்பது அதன் சாரம். ஆயர்கள் தொடங்கிய அந்த இயக்கத்தின் பெயர் 'லீஜன் ஆஃப் டீசன்சி'. அது படங்களை ஏ, பி, சி எனத் தரம் பிரித்தது. சி என்று முத்திரை விழுந்தால் கத்தோலிக்கர் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. 1930-இல் ஹாலிவுட்டுக்கான ஒழுக்க விதிகளை எழுதிய இருவரில் ஒருவர் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைக் குரு. மற்றவர் மார்ட்டின் குவிக்லி என்ற கத்தோலிக்கப் பத்திரிகை அதிபர். 1934 முதல் அவ்விதிகளைக் கண்டிப்புடன் அமல்படுத்திய ஜோசப் பிரீனும் கத்தோலிக்கர்தான். 1936-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ், 'விஜிலாந்தி கூரா' என்ற சுற்றுமடலில் இந்த இயக்கத்தைப் பாராட்டி, பிற நாட்டு ஆயர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று எழுதினார்.

நான் எங்கள் பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள். மனநல வார்டில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டு இடத்திலும் பேய்ப் படம் என்னைத் தேடி வந்திருக்கிறது. வகுப்பில் பிள்ளைகள் கேட்பது, "டீச்சர், அந்தப் படம் பார்த்தா பாவமா?" வார்டில் பெற்றோர் கேட்டது, "சிஸ்டர், எங்க பிள்ளைக்கு வந்திருக்கிறது நோயா, பேயா?" இரண்டாவது கேள்வியைக் கேட்ட பலர், படத்தில் பார்த்த ஏதோ ஒரு காட்சியைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அதனால் திகில் படங்களின் கதையும் திருச்சபையின் கதையும் எங்கெங்கே உரசின, எங்கே கைகோத்தன என்று அறிந்துகொள்வது எனக்குப் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். திகில் கதை கிறிஸ்தவத்துக்கு வெளியே பிறந்து உள்ளே புகுந்த பொருள் கிடையாது. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' நாவலில் இரத்தம் குடிக்கும் பிரபுவை எதிர்த்து நிற்பவை சிலுவையும் நற்கருணை அப்பமும். ஸ்டோக்கரோ அயர்லாந்தின் புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். 1931-இல் வந்த 'பிராங்கன்ஸ்டைன்' படம் தொடங்குவதற்கு முன்பே ஒருவர் திரைச்சீலையின் முன்னால் வந்து நின்று, இறைவனைக் கணக்கில் கொள்ளாமல் மனிதனை உருவாக்கத் துணிந்தவனின் கதை இது என்று எச்சரிக்கிறார். அதே படத்தில், தான் செய்த உடல் அசைவதைக் கண்ட விஞ்ஞானி தன்னைக் கடவுளோடு ஒப்பிட்டுக் கூவும் ஒரு வசனம் இருந்தது. பின்னாளில் மறுவெளியீடு செய்தபோது அந்த வசனத்தை இடியோசையால் மூடினார்கள். படைப்பின் ஆணவத்தைக் கண்டிக்கத்தான் அந்த வசனமே அங்கு வைக்கப்பட்டிருந்தது. வார்த்தையைப் பார்த்த தணிக்கையாளர்கள் கதை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்க்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு செயலை வத்திக்கான் 1995-இல் செய்தது. சினிமா பிறந்த நூற்றாண்டையொட்டி 45 படங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டது. சமயம், விழுமியம், கலை என மூன்று பிரிவு. பிரிவுக்கு 15 படம். கலைப் பிரிவில் 1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த 'நோஸ்பெராட்டு' இடம்பெற்றது. 'டிராகுலா' கதையைத் தழுவிய மௌனப் படம் அது. கொள்ளைநோயோடு ஊருக்குள் வரும் இரத்தப் பிசாசை அந்தப் படத்தில் ஆயுதம் வீழ்த்துவதில்லை. ஊர் பிழைக்க வேண்டும் என்று ஒரு பெண் தன் உயிரையே கொடுத்து, விடியும்வரை அவனைத் தன் அறையில் நிறுத்தி வைக்கிறாள். காலை ஒளி பட்டு அவன் மறைகிறான். பிறருக்காகத் தன்னைக் கொடுப்பதே தீமையைத் தோற்கடிக்கும் என்பது கிறிஸ்தவர்கள் புனித வெள்ளிதோறும் நினைவுகூரும் செய்தி. அதை ஒரு பேய்ப் படம் வசனமே இல்லாமல் சொல்லிவிட்டது.

பேயே இல்லாத திகிலிலும் இதைக் காணலாம். 1899-இல் லண்டனில் பிறந்த ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், இயேசு சபையாரின் புனித இஞ்ஞாசியார் கல்லூரியில் படித்த கத்தோலிக்கர். 1953-இல் வெளிவந்த 'ஐ கன்பெஸ்' படத்தை அவர் கனடாவின் கியூபெக் நகரில் எடுத்தார். கோவிலில் வேலை செய்யும் ஒருவன் குருவின் அங்கியைப் போட்டுக்கொண்டு போய் ஒருவரைக் கொன்றுவிட்டு, அன்றிரவே குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். பழி குருவின் மேலேயே விழுகிறது. உண்மை அவருக்குத் தெரியும். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது. வாயைத் திறந்தால் தப்பிக்கலாம் என்ற நிலையில் அவர் குற்றவாளிக் கூண்டில் மௌனமாக நிற்பதுதான் படத்தின் திகில். படம் பெரிய வெற்றி பெறவில்லை. கத்தோலிக்கர் அல்லாதவர்களால் அந்த மௌனத்தை நம்ப முடியவில்லை என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் துருஃபோவிடம் சொன்னார். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் முழங்காலிட்டு வளர்ந்த எனக்கு, அவருடைய படங்களில் மனத்தை அதிகம் இறுக்கியது இதுதான்.

இனி எல்லோரும் கேட்கும் படத்துக்கு வருகிறேன். 1949-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், லூத்தரன் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் 14 வயதுப் பையனுக்குப் பேய் பிடித்துவிட்டதாக நம்பி, அவனைச் செயிண்ட் லூயிஸ் நகருக்குக் கொண்டுபோனார்கள். வில்லியம் பௌடர்ன் என்ற இயேசு சபைக் குருவும் துணைக் குருக்களும் வாரக்கணக்கில் செபித்தார்கள். ஈஸ்டரை ஒட்டி அலெக்ஸியன் சகோதரர்கள் நடத்திய மருத்துவமனையில் அது முடிவுக்கு வந்தது. உடனிருந்த வால்டர் ஹாலரன், அது உண்மையான பேய்பிடிப்புதானா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்றே பிற்காலத்தில் கூறினார். அந்த ஆகஸ்டில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் வந்த செய்தியை, இயேசு சபையாரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவர் வில்லியம் பீட்டர் பிளாட்டி படித்தார். அது அவர் மனத்தில் தங்கி, 1971-இல் 'தி எக்ஸார்சிஸ்ட்' நாவலாக வந்தது. பையன் கதையில் 12 வயதுச் சிறுமியானான். 1973 டிசம்பர் 26 அன்று வில்லியம் ஃபிரீட்கின் இயக்கிய படம் வெளியானது.

படம் எடுத்த இடத்தில் உண்மையான குருக்களும் இருந்தார்கள். பிளாட்டியின் பள்ளி ஆசிரியரான இயேசு சபைக் குரு தாமஸ் பெர்மிங்காம் ஆலோசகராக இருந்ததோடு பல்கலைக்கழகத் தலைவராகவும் நடித்தார். கதையின் மையக் குருவான கராஸின் நண்பராக வரும் குருவாக வில்லியம் ஓமேலி என்ற இன்னொரு இயேசு சபைக் குரு நடித்தார். அருட்தந்தை கராஸாக நடித்த ஜேசன் மில்லரும் இயேசு சபைப் பல்கலைக்கழகத்தில் படித்த நாடக ஆசிரியர். 10 ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்து, தழுவல் திரைக்கதைக்கும் ஒலிக்கும் விருது வந்தது.

செவிலியாக இந்தப் படத்தைப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். இந்தக் கதையில் மருத்துவர்கள்தான் முதலில் வருகிறார்கள். அந்தச் சிறுமியின் கழுத்தில் ஊசி இறக்கி மூளையின் இரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் காட்சி, பேய் வரும் காட்சிகளைவிடக் கலங்க வைக்கிறது. கராஸ் குரு மட்டுமில்லை, மனநல மருத்துவரும்கூட. தாய் வந்து கெஞ்சும்போது உடனே சிலுவையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல் சந்தேகப்படுகிறார், சோதிக்கிறார், கடைசியில்தான் ஆயரிடம் அனுமதி கேட்கிறார். தன் தாயை மனநோயாளிகள் வார்டில் விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வும், விசுவாசம் தளர்ந்துபோன வேதனையும் அவரை அரிக்கின்றன. இறுதியில் சிறுமியை விட்டுத் தன்னைப் பிடித்துக்கொள்ளும்படி தீய ஆவியை அழைத்து, ஜன்னல் வழியே குதித்து, 75 படிகளில் உருண்டு விழுந்து சாகிறார். நண்பர் குரு அவருக்குப் பாவமன்னிப்பு வழங்குகிறார்.

1973-இல் வெட்டப்பட்டு, 2000-இல் வந்த பதிப்பில் சேர்க்கப்பட்ட ஒரு சிறு உரையாடல் உண்டு. பேயோட்டும் சடங்கின் நடுவே மாடிப்படியில் களைத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு குருக்களில் இளையவரான கராஸ், ஏன் இந்தச் சிறுமி என்று கேட்கிறார். நாம் நம்மையே மிருகமாகவும் அருவருப்பாகவும் கருதி, இறைவன் நம்மை நேசிக்க முடியும் என்பதையே நம்பாமல் போக வேண்டும் என்பதற்காகத்தான் என்ற பொருளில் மூத்தவர் பதில் சொல்கிறார். பிளாட்டி தன் கதையின் உயிராகக் கருதிய இடம் அது. அதை வெட்டியபோது மிரட்சி மிஞ்சியது, அர்த்தம் மெலிந்தது.

கிறிஸ்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பில்லி கிரகாம் போன்ற சுவிசேஷகர்கள் படத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் திரைப்பட அலுவலகமோ தடை விதிக்கவில்லை. வயது வந்தவர்கள் சில எச்சரிக்கைகளோடு பார்க்கலாம் என்ற தரத்தைக் கொடுத்தது. அதே அலுவலகத்தின் முன்னோடிதான் 1968-இல் 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்துக்குச் சி முத்திரை குத்தியது. பிற்காலத்தில், உரோமையின் புகழ்பெற்ற பேயோட்டும் குரு கபிரியேல் அமோர்த், 'தி எக்ஸார்சிஸ்ட்' தனக்குப் பிடித்த படம் என்றார்.

ஆனாலும் இந்தப் படம் பரப்பிய பயம் குருவின் தியாகத்தைவிட வேகமாகப் பயணித்தது. படத்துக்குப் பிறகு அமெரிக்காவில் பேயோட்டச் சொல்லி வந்தவர்களின் கூட்டம் பெருகியது என்று சமூகவியலாளர் மைக்கேல் கியூனியோ 2001-இல் எழுதிய நூலில் விளக்கியிருக்கிறார். ஜெர்மனியின் பவேரியாவில் கிளிங்கன்பர்க் என்ற சிற்றூரில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. அன்னலீஸ் மிக்கேல் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்று வந்த மாணவி. 1975 செப்டம்பரில் ஆயரின் அனுமதியோடு இரண்டு குருக்கள் அவள்மேல் பேயோட்டும் சடங்கைத் தொடங்கினார்கள். 67 முறை நடந்தது. சாப்பாடு நின்றது, மருத்துவம் நின்றது. 1976 ஜூலை 1 அன்று, 23 வயதில், பட்டினியாலும் நீரிழப்பாலும் அவள் இறந்தாள். 1978-இல் பெற்றோரும் இரு குருக்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே செபத்துக்குக் குறைவில்லை. ஒரு தட்டுச் சோறும் ஒரு மருத்துவரும்தான் இல்லை.

திருச்சபை பாடம் கற்றது. 1614 முதல் நடைமுறையில் இருந்த சடங்கைத் திருத்தி 1999-இல் புதிய முறையை வெளியிட்டது. நோயைப் பேய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தேவையானால் மருத்துவத்திலும் மனநலத்திலும் தேர்ந்தவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சடங்கை வேடிக்கைக் காட்சியாக்கக் கூடாது, ஊடகங்களை அனுமதிக்கக் கூடாது என்றும் விதித்தது. ஆயரின் தெளிவான அனுமதி இல்லாமல் யாரும் இதைச் செய்யக் கூடாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் எண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. 2013-இல் வந்த 'தி கான்ஜூரிங்' படத்திலோ அனுமதிக்குக் காத்திராமல் ஒரு பொதுநிலையினரே சடங்கை நடத்துகிறார். பார்க்கிற இளைஞர்களுக்கு அதுதான் வீரமாகத் தெரிகிறது. எனக்கு அது ஆபத்தாகத் தெரிகிறது. புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் உவரிக்கும் பேய் பிடித்ததாக நம்பி உறவினரை அழைத்து வருகிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்த எச்சரிக்கை தூரத்து நாட்டுச் சமாச்சாரம் ஆகாது.

மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில், கல்லறைகளில் அலைந்து தன்னையே கற்களால் காயப்படுத்திக்கொண்டிருந்த ஒரு மனிதனை இயேசு சந்திக்கிறார். அந்த அதிகாரத்தின் திகில் எந்தப் படத்துக்கும் குறைந்ததில்லை. ஆனால் அது முடிகிற விதத்தைப் பாருங்கள். அவன் ஆடை உடுத்தி, அறிவுத் தெளிவோடு அமர்ந்திருக்கிறான். இயேசு அவனைத் தம்மோடு கூட்டிக்கொண்டு போகாமல், வீட்டாரிடம் திரும்பிப் போகச் சொல்கிறார். கதையின் நோக்கம் அந்த மனிதனை வீடு சேர்ப்பதுதான்.

என் அளவுகோலை அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன். ஒரு திகில் படத்தில் துன்பப்படுகிறவர் மனிதராகவே மதிக்கப்படுகிறாரா, அவரை மீட்க யாராவது தன்னைக் கொடுக்கிறாரா என்று பார்க்கிறேன். இருந்தால், பயமுறுத்தினாலும் அந்தப் படம் நற்செய்திக்கு அருகில் நிற்கிறது. துன்பப்படுகிறவரின் உடலையே வேடிக்கைப் பொருளாக்கி, சிலுவையைத் தாயத்துபோலக் காட்டும் படம் எத்தனை செபம் சொன்னாலும் கிறிஸ்தவப் படம் ஆகாது. பிள்ளைகளின் வயதைப் பாருங்கள், பார்த்த படத்தைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் ஒருவர் தனக்குத்தானே பேசினால், தூங்காமல் தவித்தால், குரல் கேட்கிறது என்று சொன்னால், அவரை முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகிற வழியெல்லாம் செபியுங்கள். எழுதிக்கொடுத்த மாத்திரையை எந்தப் படத்தை நம்பியும் நிறுத்தாதீர்கள்.