'கௌரவ வெள்ளையர்': ஒரு ரக்பிப் போட்டியின் வரலாறு

நியூசிலாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையிலான முதல் ரக்பி டெஸ்ட், 1921 ஆகஸ்ட் 13 அன்று டனீடனில் நடந்தது. நியூசிலாந்து 13-5 என வென்றது. தொடர் 1-1 எனச் சமனில் முடிந்தது. 1928இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த தொடரும் 2-2 எனச் சமனாயிற்று. வலிமையில் ஒத்த இரு அணிகளின் பரம்பரைப் போட்டி இவ்வாறு தொடங்கியது. எனினும் அதன் வரலாற்றைக் களத்தில் இல்லாதவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.

1921 பயணத்தின்போது நேப்பியர் நகரில் மாவோரி அணியுடன் ஓர் ஆட்டம் நடந்தது. தென்னாப்பிரிக்கா 9-8 என வென்றது. அங்கே வெள்ளையரான பார்வையாளர்கள், வெள்ளையர் அணிக்கு எதிராக மாவோரிகளை ஊக்குவித்துக் குரலெழுப்பியது அருவருப்பூட்டியதாகத் தென்னாப்பிரிக்கச் செய்தியாளர் ஒருவர் தம் நாட்டுக்குத் தந்தியடித்தார். தந்தியின் வாசகம் கசிந்து உள்ளூர் நாளிதழில் வெளியாகிக் கொந்தளிப்பை உண்டாக்கியது. ஆனால், 1928இல் தென்னாப்பிரிக்கா சென்ற நியூசிலாந்து அணியில் மாவோரி எவரும் இல்லை. 1924-25 பயணத்தில் புகழின் உச்சியை எட்டியிருந்த ஜார்ஜ் நேப்பியாவும் விடப்பட்டார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசின் கொள்கையாக அறிவிக்கப்பட்டது 1948க்குப் பின்னர்தான் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். விலக்கு, சட்டத்துக்கு முன்பே வழக்கமாகியிருந்தது. அவ்வழக்கத்துக்கு நியூசிலாந்தும் உடன்பட்டது.

1949இலும் அதே நிலைதான். 1960இல் 'மாவோரி இல்லையேல் பயணமும் இல்லை' என்னும் முழக்கம் எழுந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டனர். ஆயினும் அணி புறப்பட்டது. 1967 பயணம் இதே சிக்கலால் கைவிடப்பட்டது. 1970இல் தென்னாப்பிரிக்க அரசு ஒரு வழி கண்டது. சிட் கோயிங் உள்ளிட்ட மாவோரி வீரர்களும், சமோவா வழிவந்த பிரையன் வில்லியம்சும் 'கௌரவ வெள்ளையர்' என அனுமதிக்கப்பட்டனர்.

மொழியியல் மாணவனாக என்னை நிறுத்திய சொல் இது. சில அடைமொழிகள் தாம் தழுவும் பெயரையே மறுத்துவிடும். கானல் நீர் நீரன்று. அதுபோல, கௌரவ வெள்ளையர் வெள்ளையர் அல்லர் என்பதை அத்தொடரே அறிவித்துவிடுகிறது. விருந்தினருக்குக் கதவு திறந்தது. சுவர் அப்படியே நின்றது. நாட்டின் கறுப்பின மக்களுக்கு அந்தத் தற்காலிகக் கௌரவமும் கிட்டவில்லை.

1976 ஜூன் 16 அன்று, பள்ளிகளில் ஆப்பிரிக்கான்ஸ் திணிக்கப்பட்டதை எதிர்த்துச் சோவெட்டோ மாணவர்கள் ஊர்வலம் சென்றபோது காவல்துறை சுட்டது. அதே மாதத்தில் நியூசிலாந்து அணி தென்னாப்பிரிக்காவில் ஆடத் தொடங்கியது. விளைவாக, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள், மாண்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. 1981இல் எதிர்ப்பு நியூசிலாந்துக்குள்ளேயே வெடித்தது. ஹாமில்டனில் போராட்டக்காரர்கள் களத்தில் இறங்கி ஆட்டத்தையே நிறுத்தினர். ஆக்லாந்தில் நடந்த இறுதி டெஸ்டின்போது சிறு விமானத்திலிருந்து மாவுப் பொட்டலங்கள் விழுந்தன.

1995 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா 15-12 என வென்றதையும், மண்டேலா அணியின் சட்டையை அணிந்து கோப்பை வழங்கியதையும் உலகம் அறியும். ஒதுக்கப்பட்ட மாவோரி வீரர்களிடம் இரு நாட்டு ரக்பி நிர்வாகங்களும் மன்னிப்புக் கேட்டது 2010இல்தான். நேப்பியா 1986இலேயே மறைந்துவிட்டார். முதல் காட்சியை நினைவில் வைத்திருக்கும் நாம், இரண்டாவதையும் அதனருகே வைத்துப் படிக்க வேண்டும்.